பழுது பார்த்தல்

சன்மைக்காவில் விழுந்த கீறலை எடுக்க முடியாது என்று எனக்குச் சொன்னவர் நாகல் நகர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு தச்சர். "மரத்துல விழுந்தா இழைச்சு எடுத்துரலாம் சார். இதுல எதை இழைக்க? இது படம். படத்துக்கு வைத்தியம் கிடையாது, மேக்கப்தான்" என்றார். உருவம், உள்ளடக்கம் பற்றி இலக்கியக் கூட்டங்களில் நான் கேட்ட எந்தப் பேச்சும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. ஒரு சமையல் மேடையைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுவதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மரணத்தைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் எழுத நம்மிடையே ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு சாண் நீளக் கீறலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திண்டுக்கல்லில், ரவுண்டு ரோட்டுக்கு அருகில், நானும் அம்மாவும் மூன்று வருஷம் குடியிருந்த வாடகை வீட்டின் சமையல் மேடை சன்மைக்கா ஒட்டியது. இந்த ஊரில் இது அபூர்வம். இங்கு மேடை என்றால் கடப்பைக்கல். சற்று வசதியிருந்தால் கிரானைட். வீட்டுக்காரர் பல வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்தவர். அங்கு கண்ட சமையலறையை இங்கு கொண்டுவர ஆசைப்பட்டு, பிளைவுட் பலகையின் மேல் தேக்கு நிறத்தில், தேக்கின் ரேகைகளோடு, ஒட்டிவைத்திருந்தார். குடிவந்த அன்று வாடகையைப் பற்றியும் தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் அவர் பேசியது இரண்டு வாக்கியம். மேடையைப் பற்றிப் பேசியது பத்து வாக்கியம். மேலே வைத்து நறுக்கக் கூடாது. கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே வைக்கக் கூடாது. தண்ணீர் தேங்கினால் பலகை உப்பிவிடும். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அம்மா வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, அப்பா போன பிறகு, என்னோடு வந்தவள். (நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கட்டுரை.) அவளோடு வந்த சாமான்கள் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பித்தளைக் குடம், இஞ்சி பூண்டு தட்டுகிற ஒரு சின்னக் கல்லுரல். அந்த உரலைத்தான் ஒரு நாள் மேடை மீது இழுத்திருக்கிறாள். அடியில் ஒரு மணல் பருக்கை ஒட்டியிருந்தால் போதும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவையில் அதன் கடினம் ஏழு. நம் வீட்டுக் கத்திகூட அந்த அளவுக்கு இல்லை. கீறல் பிறை மாதிரி வளைந்து, ஓர் இடத்தில் தேக்கு ரேகையைத் தாண்டி அடியிலிருக்கும் பழுப்பு வரை இறங்கியிருந்தது.

இதையெல்லாம் நான் பார்த்தது நான்கு மாதம் கழித்து. அதுவரை அந்த இடத்தில் ஓர் எவர்சில்வர் தூக்கு நின்றுகொண்டிருந்தது. மாவுத் தூக்கு ஏன் எப்போதும் மேடையின் நட்ட நடுவில் நிற்கிறது என்று நான் யோசித்ததில்லை. சாமான்கள் எங்கு நிற்கின்றனவோ அங்கு நிற்கக் காரணம் இருக்கும் என்று ஆண்கள் யோசிப்பதில்லை.

சன்மைக்கா என்பது ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். நம் ஊரில் அந்த வகைத் தகடு எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. இதன் மூதாதை ஃபார்மைக்கா. 1913இல் அமெரிக்காவில் டேனியல் ஓகானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இருவர் தொடங்கிய தொழில். மின் சாதனங்களில் காப்புக்காக அப்போது அப்ரகத் தகடு, அதாவது மைக்கா, உபயோகத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக, பிசினில் ஊறவைத்து இறுக்கிய தகட்டை அவர்கள் செய்தார்கள். மைக்காவுக்குப் பதில் என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்தால் ஃபார்மைக்கா. பெயரிலேயே தான் இன்னொன்றின் ஸ்தானத்தில் இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிற பொருள் உலகில் அதிகம் இராது. மைக்காவுக்குத் தமிழில் காக்காய்ப்பொன் என்று பெயர். பொன் போல மினுங்கும், பொன் இல்லை. ஆக, பொன்னல்லாததற்குப் பதிலாக வந்த ஒன்றின் வம்சம்தான் தேக்கல்லாத தேக்காக எங்கள் சமையலறையில் வந்து சேர்ந்திருந்தது.

அலங்காரத்துக்கான மெலமைன் பிசின் 1930களின் இறுதியில் வந்தது. இன்றும் தயாரிப்பு முறை ஏறக்குறைய அதுதான். ஃபீனால் பிசினில் ஊறிய பழுப்புக் காகிதங்களை அடுக்குகிறார்கள். அதன் மேல் மரமோ பளிங்கோ அச்சிட்ட ஒரே ஒரு காகிதம், மெலமைனில் ஊறியது. அதன் மேல் கண்ணாடி போலத் தெளிந்துவிடும் ஒரு மெல்லிய தாள். எல்லாவற்றையும் 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு அளவில் அழுத்தினால் எட்டடிக்கு நாலடித் தகடு ஒன்று வருகிறது. கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரிலும் தேக்கு இருப்பது ஒரு தாளின் மொத்தத்துக்கு. இந்தப் பிசின் ஒரு முறை இறுகினால் மறுபடி இளகுவதில்லை. மெழுகையோ அரக்கையோ போலச் சூடு காட்டி உருக்கிச் சேர்க்க வழியில்லை. இந்தக் குறையைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்துதான் இருந்தார்கள். 1982இல் ஃபார்மைக்கா கம்பெனி அடிவரை ஒரே நிறம் கொண்ட ஒரு தகட்டைக் கொண்டுவந்தது. விளிம்பில் பழுப்புக் கோடு தெரிய வேண்டியதில்லை, கீறினாலும் உள்ளே அதே நிறம்தான். ஆனால் அதில் மர ரேகை வராது. ஆழம் வேண்டுமானால் படத்தை விட்டுவிட வேண்டும்.

இங்கு அம்மியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அம்மி தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் அதற்குப் பழுது வந்துவிட்டது என்று அர்த்தம். மிளகாய் வழுக்கும், தேங்காய் நசுங்கும், அரைபடாது. தெருவில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று குரல் வரும். வாசலில் குந்தி உட்கார்ந்து உளியால் பொளிபொளியாகக் கொத்திவிட்டுப் போவார்கள். கீறுவதுதான் அங்கு பழுது பார்ப்பது. கொத்தி முடித்ததும் தவிட்டையோ உப்பையோ போட்டு அரைத்துக் கல்தூளை வழித்து எறிந்துவிட்டு அப்புறம்தான் சமையலுக்கு எடுப்பார்கள். ஒவ்வொரு கொத்துக்கும் கல் கொஞ்சம் தேய்கிறது. இரண்டு தலைமுறை உழைத்த அம்மியில் தொட்டில் மாதிரி ஒரு குழி விழுந்திருக்கும். அந்தக் குழியை யாரும் மறைப்பதில்லை. மேலிருந்து கீழ் வரை கல் கல்தான் என்பதால், எவ்வளவு இறங்கினாலும் தெரிவது அம்மிதான்.

ஈயம் பூசுவதும் இப்படித்தான், வேறு விதத்தில். பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால் உட்புறம் ஈயப்பூச்சு. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஓட்டித் துடைத்தால் வெள்ளி மாதிரி ஆகிவிடும். ஈயம் வெறும் மேல்பூச்சு, அதுவும் தேயும் என்று வாங்குகிறவளுக்கும் தெரியும், பூசுகிறவனுக்கும் தெரியும். தேய்ந்தால் அவன் திரும்ப வருவான். மேல்பூச்சு என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது என்பதற்கு இந்த உதாரணம் போதும். தன் அழிவையும் மறுபூச்சையும் எதிர்பார்த்துச் செய்யப்பட்ட மேல்பூச்சு அது. சன்மைக்காவின் செய்முறையில் கீறலுக்கு இடமே வைக்கப்படவில்லை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2046 கீறலை எவ்வளவு தாங்க வேண்டும் என்று சோதனை விதித்திருக்கிறது. தாங்காமல் போனபின் என்ன என்பது தர நிர்ணயத்தின் கவலை இல்லை.

இந்த ஒப்பீட்டை ஒரு நாள் இரவு அம்மாவிடம் கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லின் உண்மை, காகிதத்தின் பொய் என்ற ரீதியில். அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்: "அந்த அம்மியில அரைச்சது யாரு, நீயா?" பிறகு, "இது நல்லதுய்யா. ஒரு துணியை வச்சுத் தொடச்சா முடிஞ்சுது" என்றாள். அவள் கையில் மிளகாய் எரிச்சல் இல்லாத ஒரு நாள் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மிக்காக ஏங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் முன் உட்காராதவர்கள். எனவே இந்தக் கட்டுரையைப் பழையது உயர்ந்தது என்ற திசையில் கொண்டுபோக எனக்கு அனுமதியில்லை.

ரஸ்கினும் எனக்கு இங்கு முழுதாக உதவவில்லை. 1849இல் வெளியான கட்டடக்கலையின் ஏழு விளக்குகள் பற்றிய நூலில், ஒரு பொருளின் மேல் வேறொரு பொருளின் தோற்றத்தைத் தீட்டுவதை அவர் ஏமாற்று என்கிறார். ஆனால் அதே நூலில் ஒரு நுட்பமான விலக்கு இருக்கிறது. கட்டடத்தில் தங்க முலாம் பூசுவது பொய்யில்லை, ஏனெனில் அதை யாரும் கட்டித் தங்கம் என்று நினைப்பதில்லை. நகையில் பூசினால் பொய், ஏனெனில் அங்கு நினைப்பார்கள். பொய் பொருளில் இல்லை, பார்ப்பவனின் எதிர்பார்ப்பில் இருக்கிறது என்றாகிறது. வியன்னாவின் அடால்ஃப் லூஸ் 1898இல் இன்னும் கறாராக எழுதினார்: மரத்துக்கு எந்த நிறமும் பூசலாம், மர நிறம் மட்டும் கூடாது என்று. லூஸ் எங்கள் சமையலறையைப் பார்த்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார். ரஸ்கின் ஒரு வேளை உட்கார்ந்து காப்பி குடித்திருக்கக்கூடும். அந்த மேடையை யாரும் தேக்கு என்று நம்பவில்லை. வீட்டுக்காரர் நம்பவில்லை, நான் நம்பவில்லை, அம்மா நிச்சயமாக நம்பவில்லை. அப்படியானால் யாரும் நம்பாத ஒரு படத்தில் விழுந்த கீறலை மறைப்பதில் என்ன தப்பு இருக்க முடியும்? பொய்யென்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒழுங்காக வைத்துக்கொள்வது மட்டும்தானே?

இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. அம்மா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போன இரண்டு நாளில், தூக்கைக் கழுவ எடுத்தபோது கீறலைக் கண்டு, தச்சரிடம் போய், அவர் சொன்ன களிம்பை வாங்கிவந்து, வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

வேலை எளிது, பொறுமை வேண்டும். முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தின்னரால் துடைக்க வேண்டும். லேசான கீறலுக்கு மெழுகு போதும். கீறிய இடத்தில் வெளிச்சம் சிதறுவதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. பள்ளம் நிரம்பினால் சிதறல் நின்றுவிடும். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்கூட ஒரு நாளைக்கு மறைக்கும். பழுப்பு தெரியும் இடத்துக்குத்தான் களிம்பு. ஒரே நிறத்தில் ஒட்டாது. தேக்கின் மஞ்சள், ரேகையின் கரும்பழுப்பு என்று இரண்டு மூன்றைக் குழைத்துக் கிட்டத்தட்ட அந்த நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். பட்டிக் கத்தியால் அமுக்கித் தடவி, மிஞ்சியதை உடனே வழித்துவிட வேண்டும். கரைப்பான் ஆவியாகப் போகப் போகக் களிம்பு சுருங்கிப் பள்ளம் விழும். காயவிட்டு இரண்டாம் பூச்சு, மூன்றாம் பூச்சு. உப்புத்தாள் போடவே கூடாது. போட்டால் சுற்றியுள்ள மெலமைனும் போய், கீறல் இருந்த இடத்தில் மங்கிய ஒரு திட்டு நிரந்தரமாகிவிடும். கடைசியாக, மிக மெல்லிய தூரிகையால் அறுந்த ரேகைகளைச் சேர்த்து வரைந்தேன். மரம் தானாக வளர்த்திருக்க வேண்டிய ரேகையை, மரம் பார்த்தறியாத தகட்டில், நான் வரைந்துகொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. விமர்சனம் எழுதும்போது வராத சந்தோஷம்.

பெயின்டர்கள் இதைப் பட்டி பார்ப்பது என்பார்கள். பழுது பார்ப்பது, பட்டி பார்ப்பது. இந்தப் 'பார்ப்ப'தைப் பிடித்துக்கொண்டு தத்துவம் பேசலாம் என்று ஆசை வந்தது. வைத்தியம் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது எல்லாவற்றிலும் இருக்கிற சாதாரணப் பார்ப்பதுதான் இது. கவனித்துச் செய்வது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அடுத்து நடந்ததை யோசிக்கையில் அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அம்மா ஊரிலிருந்து வந்தாள். தூக்கை நான் அலமாரியில் வைத்திருந்தேன். அவள் மேடையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"எப்பய்யா பாத்தே?"

யார் சரி செய்தது, எவ்வளவு செலவு என்று கேட்பாள் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் கேட்டது அதில்லை. நான்கு மாதமாக அவள் காத்துவந்த ஒன்றை நான் பார்த்துவிட்டேன், பார்த்ததைச் சொல்லவில்லை, அவள் இல்லாத நேரமாகப் பார்த்து அதை இல்லாமல் செய்துவிட்டேன். கீறலை மறைத்தது ஒரு தூக்கு. அந்தத் தூக்கையும் மறைத்தது என் களிம்பு. என் பழுது பார்த்தலில் குற்றச்சாட்டின் சாயல் இருந்தது. "நீ செய்தது எனக்குத் தெரியும், பரவாயில்லை" என்று பேசாமல் சொல்கிற பெருந்தன்மையின் சாயலும் இருந்தது. பின்னது இன்னும் மோசம் என்று எனக்குப் படுகிறது. தன் தப்பைத் தானே சொல்லும் வாய்ப்பை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வதற்கு நமக்கு என்ன உரிமை? அந்த மேடையைத் தேக்கு என்று யாரும் நம்பவில்லை என்ற என் வாதம் சரிதான். அங்கு மறைக்கப்பட்டது தேக்கைப் பற்றிய உண்மை இல்லை. ஒருத்தி ஒரு நாள் ஓர் உரலை இழுத்தாள் என்கிற உண்மை.

நான் வேலை பார்ப்பது வங்கியில், கவுண்டரில். திருத்தங்கள் பற்றி எங்களுக்கு ஒரு பழைய நெறி உண்டு. நான் சேர்ந்தபோது எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டிருந்தது. ஆனால் லெட்ஜர் காலத்து ஆட்கள் சிலர் ஓய்வுக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் சொல்லித்தந்தது இது. தொகை தப்பாக விழுந்துவிட்டால் சுரண்டக் கூடாது, பிளேடு போடக் கூடாது, மேலே மேலே எழுதவும் கூடாது. தப்பின் குறுக்கே ஒரே ஒரு கோடு, அதுவும் அடியிலிருக்கும் தப்பான எண் படிக்கத் தெரிகிற மாதிரி. மேலே சரியான எண். பக்கத்தில் சுருக்கொப்பம். கோட்டுக்கு மட்டும் மதிப்பில்லை. நான்தான் திருத்தினேன் என்கிற அந்த இரண்டெழுத்துக்குத்தான் மதிப்பு. 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, முக்கியமான திருத்தம் செய்யப்பட்ட ஆவணம், அதற்குச் சம்மதிக்காதவர்களைப் பொறுத்தவரை செல்லாது என்கிறது. திருத்தலாம், சம்பந்தப்பட்டவர் அறிந்து சம்மதித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் நெறி மாறவில்லை. தப்பாக ஏறிய பதிவை யாரும் அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு ஒன்று போட்டு நேர் செய்கிறோம். பாஸ் புத்தகத்தில் இரண்டு வரியும் கடைசிவரை நிற்கும். சில வாடிக்கையாளர்களுக்கு இது அவமானமாக இருக்கிறது. "அந்த ரெண்டு வரியையும் எடுத்துருங்க சார்" என்று கேட்பார்கள். எடுக்க முடியாது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவன் வீட்டில் வந்து சுருக்கொப்பம் இல்லாமல் திருத்தியிருக்கிறான்.

நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தார். ஏடுகள் செல்லரித்து, ஒடிந்து, இடையிடையே எழுத்தில்லாமல் கிடைத்தவை. 267, 268 என்ற எண்களுக்குரிய பாட்டே கிடைக்கவில்லை. சிதைந்த பாடல்களில் சிதைந்த இடங்கள் இன்றும் புள்ளிகளாகத்தான் நிற்கின்றன. அவருக்கிருந்த யாப்புப் பயிற்சிக்கு அந்த இடங்களை நிரப்புவது பெரிய காரியமில்லை. ஓர் ஆசிரியச் சீர், அதற்கேற்ற எதுகை, மோனை. சங்கச் சொல்லாட்சி முழுக்க அவர் நினைவில் இருந்தது. நிரப்பியிருந்தால் பலருக்குத் தெரிந்திருக்கவும் தெரியாது. அவர் நிரப்பவில்லை. அறுந்த ரேகைகளைச் சேர்த்து வரைந்த என் தூரிகையை நினைக்கும்போது அந்தப் புள்ளிகள் ஞாபகம் வருகின்றன. புறநானூறும் சமையல் மேடையும் ஒன்றா என்று கேட்டால், ஒன்றில்லை. மேடையில் புள்ளி வைக்க முடியாது. மாவு பிசைய வேண்டியிருக்கிறது. உடைந்த கிண்ணத்தைத் தங்கத்தால் ஒட்டும் ஜப்பானிய வழக்கத்தை இப்போதெல்லாம் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். வாடகை வீட்டில் தங்கம் பூசினால் முன்பணம் திரும்ப வராது.

கீறல் என்பதே எங்கள் பக்கத்தில் ஒரு சாட்சியம். பழனிக்கருகில் பொருந்தல் என்ற ஊரில் 2009இலும் 2010இலும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அகழாய்வு செய்தார். ஈமக்குழியிலிருந்த ஒரு பானைத் தாங்கியில் தமிழ் பிராமியில் மூன்று எழுத்துகள் கீறியிருந்தன: வ, ய், ர. அதே குழியில், நான்கு கால் ஜாடியிலிருந்த நெல்லைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. எழுத்தின் காலத்தை அதைக்கொண்டு தீர்மானிக்கலாமா என்பதில் ஆய்வாளரிடையே வேற்றுமை உண்டு. அதற்குள் நான் போகவில்லை. என் மனத்தில் நின்றது வேறு. பானைத் தாங்கியின் வழவழப்பைப் பார்த்தால் அந்த மூன்றெழுத்தும் சேதம்தான். பெயராக இருக்கலாம் என்கிறார்கள். ஒருவர் இருந்தார் என்பதற்கு அந்தச் சமவெளியில் மிஞ்சியது அந்தச் சேதம். ஒரு மேடை மீது உரல் போட்ட கோட்டை அதோடு ஒப்பிடுவது மிகை என்று தெரியும். அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள்.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. "போன வெள்ளிக்கிழமை பாத்தேம்மா" என்று மட்டும் சொன்னேன். "நீ கேட்டிருக்கலாம்ல" என்றாள். அடுத்த நாள் மாவுத் தூக்கு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மறைக்க அங்கு ஒன்றுமில்லாத போதும் அது அங்கேயே நின்றது. பழக்கமா, என்னைக் குத்திக்காட்டவா, அல்லது கீறல் இன்னும் அங்குதான் இருக்கிறது என்று அவள் கணக்கா, எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் வீட்டைக் காலி செய்தோம். வீட்டுக்காரர் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். சுவரில் ஆணி எத்தனை, குழாய் ஒழுகுகிறதா, விசிறி சுற்றுகிறதா. சமையலறைக்கு வந்து மேடையில் உள்ளங்கையை வைத்து ஓட்டினார். மேலே மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே சார், புதுசாட்டம் வச்சிருக்கீங்க" என்றார். நான் பேசாமல் நின்றேன். மூன்று வருஷம் தினமும் யாராவது ஒருவருக்குச் சொல்லிவந்த நெறி அந்தச் சமயத்தில் எனக்கு நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. முன்பணமும் நினைவு வந்தது.

அம்மா அடுத்த அறையில் பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"அதுல ஒரு கீறல் இருக்குப்பா. நாந்தான் போட்டேன், உரலை இழுத்து. இவன் என்னமோ பூசி வச்சிருக்கான்" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார், தெரியவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தார், தெரியவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்து, ஒரு விரலை மட்டும் நீட்டச் சொல்லி, அந்த வளைவின் மேல் நகர்த்தினாள். மூன்று பூச்சுப் பூசியும் களிம்பு மயிரிழை சுருங்கியிருக்க வேண்டும். அவர் விரல் நின்றது.

"ஆமா" என்றார்.

"அதான்" என்றாள் அம்மா. மூட்டை கட்டப் போய்விட்டாள்.

அவர் முன்பணத்தில் இரண்டாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிக்குக் காசோலை எழுதினார். முதலில் முழுத் தொகையை எழுதிவிட்டிருந்தார் போலிருக்கிறது. அதை அடித்து, மேலே புதுத் தொகை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2010ஆம் வருஷத்துக் காசோலைத் தர விதிகளுக்குப் பிறகு தேதியைத் தவிர வேறெதிலும் திருத்தம் இருந்தால், கையெழுத்தே போட்டிருந்தாலும், கிளியரிங்கில் போகாது. வேறு காசோலை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.